மன்றமும் அணியும்: சென்னை இளையோர் சதுரங்க மரபின் வரலாறு (1972–2024)

முன்னுரை

தமிழகத்தின் அண்மைக்கால விளையாட்டு வரலாற்றில் சதுரங்கம் தனியிடம் பெற்றுள்ளது. 1988இல் விசுவநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2024 டிசம்பர் 12 அன்று சென்னையைச் சேர்ந்த குகேஷ், சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை 7½–6½ என்னும் புள்ளிக்கணக்கில் வென்று, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட வரலாறு பெரும்பாலும் தனிமனிதர் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. பிறவி மேதையான ஒரு சிறுவன், அவனுக்காகத் தம் நலன்களைத் துறந்த பெற்றோர், வழிகாட்டிய ஓர் ஆசிரியர் என்னும் மூன்று கூறுகளில் அவ்வரலாறு நிறைவு பெற்றுவிடுகிறது.

இம்மூன்று கூறுகளும் உண்மையே. ஆயினும் இவை மட்டுமே போதுமானவையாக இருந்திருந்தால், ஒரே நகரிலிருந்து தலைமுறை தோறும் வலிமையான ஆட்டக்காரர்கள் தோன்றியதற்கு விளக்கம் கிடைக்காது. திறமை எங்கும் பிறக்கலாம். அது தன்னையொத்த திறமையைச் சந்திப்பதற்கு ஓர் இடம் வேண்டும். சென்னையில் அவ்விடத்தை அளித்தவை சதுரங்க மன்றமும், அணிப்போட்டியும், அவற்றைத் தாங்கிய பொதுமக்கள் ஆதரவும் ஆகும். இம்மூன்றும் உருவாகி வளர்ந்து உருமாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அயல்நாடுகளில் வாழும் தமிழ்ச் சமூகங்கள் தம் இளையோருக்கான பொது அமைப்புகளைக் கட்டியெழுப்ப முயலும் இக்காலத்தில், இவ்வரலாறு அவர்களுக்கும் பயன்படக் கூடியது.

மரபு ஆட்டமும் பொது விதியும்

தமிழ் மண்ணில் சதுரங்கத்திற்குப் பழைய வேர்கள் உண்டு. திருவாரூர் மாவட்டம் மன்னார்குடிக்கு அருகிலுள்ள பூவனூரில் இறைவன் சதுரங்க வல்லபநாதர் எனப் பெயர் பெற்றுள்ளார். இறைவன் சதுரங்கம் ஆடி அரசகுமாரியை வென்றார் என்பது அத்தலத்தின் புராணம். ஆட்டத்தின் பெயர் மக்கள் வழக்கிலும் வழிபாட்டிலும் ஊன்றியிருந்தமைக்கு இது சான்றாகும். எனினும், திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் ஆடப்பட்ட ஆட்டத்திலிருந்து இன்றைய போட்டி ஆட்டம் நேரடியாகக் கிளைத்தது எனக் கொள்வதற்கில்லை.

காரணம், விதிகளில் இருந்த வேறுபாடு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தியாவில் வட்டார வழக்குகள் பல நிலவின. இன்று அரசனும் யானையும் இடம் மாறும் ‘கோட்டை கட்டுதல்’ என்னும் நகர்வு உள்ளது. அதற்கு மாறாக, முற்றுகைக்கு உள்ளாகாத அரசன் ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம் என்னும் விதி பல இடங்களில் வழங்கியது. ஊருக்கு ஊர் விதி மாறினால் ஊரோடு ஊர் ஆட இயலாது. அணிப்போட்டி என்னும் கருத்து தோன்றுவதற்கே பொது விதி முன்தேவையாகும். 1951இல் அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பு தோன்றிய பின்னரும் பன்னாட்டு விதிகள் மக்களிடையே வேரூன்றுவதற்குக் காலம் பிடித்தது.

இம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர் மானுவல் ஆரோன். அவர் 1935இல் பர்மாவின் டவுங்கூ நகரில் பிறந்து, தமிழகத்தில் வளர்ந்தவர். வங்கக் கடலைக் கடந்து சென்று திரும்பிய தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றோடு சென்னைச் சதுரங்கத்தின் வரலாறும் தொடக்கத்திலேயே இணைந்திருப்பதை இங்கு நோக்கலாம். 1959க்கும் 1981க்கும் இடையில் ஆரோன் ஒன்பது முறை தேசியச் சாம்பியன் ஆனார். 1960இல் லைப்சிக் நகரில் நடந்த ஒலிம்பியாடில் முன்னாள் உலகச் சாம்பியன் மாக்ஸ் யூவியை வென்றார். 1961இல் இண்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியராகவும், அர்ஜுனா விருது பெற்ற முதல் சதுரங்க வீரராகவும் விளங்கினார்.

இச்சாதனைகளைக் காட்டிலும் இக்கட்டுரையின் நோக்கில் முக்கியமானது அவரது அமைப்புப் பணியாகும். ஆட்டக் குழுக்களை உருவாக்குதல், பன்னாட்டு விதிகளைப் பரப்புதல், தொடக்க நகர்வுகளை நூல்களின் வழியே முறையாகப் பயிலத் தூண்டுதல் ஆகியவற்றை அவர் தொடர்ந்து மேற்கொண்டார். தாம் வென்ற ஆட்டத்தைப் பிறரும் வெல்லத்தக்க ஆட்டமாக ஆக்குவதில் அவர் காட்டிய அக்கறையே பின்வந்த அனைத்திற்கும் அடித்தளமாயிற்று.

தால் சதுரங்க மன்றம்

1972இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு நிலையத்தில் ஆரோனின் முயற்சியால் ஒரு சதுரங்க மன்றம் தொடங்கப்பட்டது. 1960இல் உலகச் சாம்பியன் பட்டத்தை வென்ற ரிகா நகரத்து வீரர் மிகயில் தாலின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. காலச்சூழல் இம்முயற்சிக்கு இருவகையில் உதவியது. 1971 ஆகஸ்டில் இந்திய–சோவியத் நட்புறவு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்ததால் பண்பாட்டுப் பரிமாற்றங்களுக்கு ஊக்கம் இருந்தது. 1972 கோடையில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் பாபி பிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் மோதிய போட்டி, சதுரங்கத்தை உலக நாளேடுகளின் முதற்பக்கத்திற்குக் கொண்டு வந்திருந்தது.

சோவியத் நாட்டில் சதுரங்கம் இளையோர் அமைப்பின் ஓர் அங்கமாக இருந்தது. நகரந்தோறும் ‘முன்னோடிகள் மாளிகை’ எனப்பட்ட சிறுவர் மையங்களில், பள்ளி நேரத்திற்குப் பின் சதுரங்க வட்டங்கள் இயங்கின. அம்மாளிகைகளுக்கு இடையே நடந்த அணிப்போட்டியின் அமைப்பு குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு நகரத்துச் சிறுவர் அணிக்கும் ஒரு கிராண்ட்மாஸ்டர் தலைவராக இருப்பார். அவர் எதிரணிச் சிறுவர் அனைவருடனும் ஒரே நேரத்தில் கடிகாரம் வைத்து ஆடுவார். தலைவர் பெற்ற புள்ளியும் சிறுவர் பெற்ற புள்ளியும் சேர்ந்தே அணியின் கணக்காகும். 1975இல் லெனின்கிராடில் நடந்த இத்தகைய போட்டியில், பாகூ அணியின் 12 வயதுச் சிறுவன் காரி கஸ்பரோவ், அப்போதைய உலகச் சாம்பியன் அனத்தோலி கார்ப்போவுக்கு எதிரே அமர்ந்து ஆடினான். அதே போட்டியில் ரிகா அணிக்குத் தலைவராக வந்திருந்தவர் மிகயில் தால்.

மூத்தோரும் இளையோரும் ஒரே கணக்கில் சேரும் இம்முறை சென்னைக்கு அப்படியே வரவில்லை; அரசின் பெரும் பொருளுதவியும் சென்னைக்கு இல்லை. வந்து சேர்ந்தது அதன் சாரமாகும். வயதும் பட்டமும் பாராமல் ஒரே அறையில் அமர்ந்து ஆடும் பழக்கமே அது. நூல்களும் இதழ்களும் எளிதில் கிடைக்காத அக்காலத்தில், சோவியத் வெளியீடுகள் இத்தகைய நிலையங்களின் வழியே இளைஞரைச் சென்றடைந்தன. மொழி தெரியாவிட்டாலும் ஆட்டக் குறியீட்டைப் படிக்கக் கற்ற சிறுவனுக்கு ரஷ்ய நூலும் திறந்த நூலாயிற்று.

மாலை நேரங்களில் மன்றத்தில் நடந்த பிளிட்ஸ் என்னும் மின்னல் வேக ஆட்டங்கள் தனித்துக் குறிப்பிடத்தக்கன. வென்றவர் இருக்கையில் தொடர்வார். தோற்றவர் எழுந்து வரிசையின் இறுதிக்குச் செல்வார். இந்த எளிய விதியில் ஒரு கல்விமுறை அடங்கியுள்ளது. சிறுவன் தன் வயதினருடன் மட்டும் மோதிப் பெருமை கொள்ள வழியில்லை. அலுவலகம் முடித்து வரும் பெரியவரையும், கல்லூரி மாணவரையும், மாநில அளவில் பெயர் பெற்றவரையும் அடுத்தடுத்துச் சந்திக்க வேண்டும். தோற்றால் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் பிறர் ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துக் கற்றல் என்பது கட்டணம் இல்லாப் பாடமாக அங்கு நடந்தது.

மணிலா வழியாக ஒரு சுற்று

1969இல் மயிலாடுதுறையில் பிறந்த ஆனந்த், ஆறு வயதில் தாயார் சுசீலாவிடம் காய் நகர்த்தக் கற்றார். அதன்பின் அவரைத் தால் மன்றத்தில் சேர்த்ததும் தாயாரே. சிறிது காலத்தில் தந்தையின் பணி நிமித்தம் குடும்பம் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகர் மணிலாவுக்குச் சென்றது. தந்தை அங்கு ரயில்வே துறையில் ஆலோசகராகப் பணியாற்றினார்.

மணிலா அக்காலத்தில் ஆசியச் சதுரங்கத்தின் தலைநகராகவே விளங்கியது எனலாம். 1974இல் ஆசியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை அந்நாட்டின் யூகேனியோ தோரே பெற்றிருந்தார். 1978இல் கார்ப்போவும் கோர்ச்னாயும் மோதிய உலகச் சாம்பியன் போட்டி அந்நாட்டுப் பாகியோ நகரில் நடைபெற்றது. இவற்றால் எழுந்த ஆர்வத்தில் தொலைக்காட்சியில் நாள்தோறும் சதுரங்க நிகழ்ச்சி ஒளிபரப்பானது. மகன் பள்ளியில் இருக்கும் நேரத்தில் வந்த அந்நிகழ்ச்சியின் புதிர்களைத் தாயார் குறித்து வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து விடை கண்டு அனுப்புவர். பரிசாக வந்த நூல்கள் மிகுதியாகவே, வேண்டிய நூல்களை எடுத்துக்கொண்டு இனி விடை அனுப்ப வேண்டாம் என நிலையத்தார் கேட்டுக்கொண்டதாக ஆனந்த் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

இந்நிகழ்வு வேடிக்கைக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் இதில் ஒரு வரலாற்றுச் செய்தி உண்டு. பர்மாவில் பிறந்த ஒருவர் சென்னையில் நிறுவிய மன்றத்தில் தொடங்கி, பிலிப்பைன்ஸில் வளர்ந்து, மீண்டும் சென்னை மன்றத்திற்கே ஒரு சிறுவனின் பயிற்சி திரும்பியது. தாய்நாட்டில் உருவான திறமை வெளிநாடுகளில் வெளிப்பட்டது என்னும் ஒருவழிப் பாதை இதற்குப் பொருந்தாது. கடல் கடந்த வாழ்க்கை சென்னைச் சதுரங்கத்தைத் தொடக்கம் முதலே ஊட்டி வளர்த்தது.

1983: ஓர் அணியும் ஒரு பாடகரும்

சென்னை திரும்பிய ஆனந்த் 1983இல் தேசிய அளவிலான சப்-ஜூனியர் போட்டியில் ஒன்பது சுற்றுகளிலும் வென்று 9/9 புள்ளி பெற்றார். தனிநபர் வரலாறுகள் இவ்வெற்றியையே தொடக்கமாகக் கொள்ளும். அதே ஆண்டில் நடந்த மற்றொரு நிகழ்வு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. தேசிய அணிச் சாம்பியன் போட்டியில் சென்னையிலிருந்து ஓர் இளையோர் அணி பங்கேற்றது. ‘கோல்ட்ஸ்’ என்பது அதன் பெயர். குதிரைக் குட்டிகள் என்பது பொருள். ஆனந்த் அவ்வணியில் ஆடினார்.

அக்காலத் தேசிய அணிப்போட்டிகளில் ரயில்வே முதலிய பொது நிறுவனங்களின் அணிகள் வலிமை பெற்றிருந்தன. வேலையும் ஊதியமும் விடுப்பும் பயணச் செலவும் அவ்வணி வீரர்களுக்கு நிறுவனத்தால் கிடைத்தன. பள்ளி மாணவர் அணிக்கு அவ்வாறான பின்புலம் ஏதுமில்லை. அணிப்போட்டி என்றால் ஒருவரின் பயணச் செலவோடு முடிவதில்லை. அணி முழுவதற்கும் ரயில் கட்டணம், தங்குமிடம், உணவு ஆகியன வேண்டும். ஒரு குடும்பம் தன் பிள்ளைக்காகக் கடன்பட்டேனும் செலவிடலாம். அணிக்காகச் செலவிட முன்வருவோர் வேறு வகையினராக இருத்தல் வேண்டும்.

அவ்வணிக்கு ஆதரவளித்தவர் திரைப்படப் பின்னணிப் பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம். 2020 செப்டம்பரில் அவர் மறைந்தபோது, தமக்குக் கிடைத்த முதல் புரவலர் அவரே என்றும், 1983 தேசிய அணிப்போட்டியில் தம் அணிக்குப் பொருளுதவி செய்தவர் அவர் என்றும் ஆனந்த் நன்றியுடன் பதிவு செய்தார். ஐந்து முறை உலகச் சாம்பியன் பட்டம் பெற்ற ஒருவர் தம் முதல் புரவலர் என நினைவுகூர்ந்தது, தமக்குத் தனியே உதவிய ஒருவரையன்று. தாம் இடம்பெற்ற அணிக்கு உதவிய ஒருவரை என்பது கருதத்தக்கது.

தமிழ்ச் சமூகத்தில் புரவலர் மரபு புதிதன்று. ஆயினும் நெல்லூர்ப் பகுதியில் பிறந்த தெலுங்குக் கலைஞர் ஒருவர், தம் தொழிலோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத சென்னைச் சிறுவர்களின் அணிக்கு உதவியமை, அந்நகரின் பொதுவாழ்வு எத்துணை விரிந்திருந்தது என்பதைக் காட்டுகிறது. இச்சதுரங்க மரபு ஒரு நகரத்தின் மரபாகும். பல மொழியினர் அதில் பங்கு கொண்டனர். பிற்காலத்தில் உலகச் சாம்பியன் ஆன குகேஷும் சென்னையில் பிறந்த தெலுங்குக் குடும்பத்து இளைஞரே. இவ்வரலாற்றை ஓர் இனத்தின் பெருமையாக மட்டும் சுருக்கி எழுதுவது உண்மைக்குப் பொருந்தாது. அவ்விரிவே அதன் வலிமையாக இருந்தது என்பதையும் மறைத்துவிடும்.

அணிப்போட்டியின் இயல்பு

சதுரங்கம் இருவர் ஆடும் ஆட்டம். அது அணி ஆட்டமாக மாறும் முறையை விளக்குவது இங்குத் தேவையாகிறது. பெரும்பாலான அணிப்போட்டிகளில் நால்வர் ஆடுவர். ஒருவர் மாற்று வீரராக இருப்பார். வீரர்கள் முதல் பலகை, இரண்டாம் பலகை என வரிசைப்படுத்தப்படுவர். எதிரணியின் முதல் பலகை வீரருடன் முதல் பலகை வீரரே மோதுவார். ஓரணியின் ஒற்றைப்படைப் பலகைகளுக்கு வெள்ளைக் காய் என்றால் இரட்டைப்படைப் பலகைகளுக்குக் கறுப்புக் காய். நான்கு ஆட்டங்களின் புள்ளிகளையும் கூட்டி அணியின் வெற்றி தோல்வி முடிவு செய்யப்படும்.

2008 டிரெஸ்டன் ஒலிம்பியாட் முதல், அணிகளின் தரவரிசை முதன்மையாகச் சுற்று வெற்றிகளைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. வென்ற அணிக்கு 2 புள்ளி. சமன் செய்த அணிக்கு 1 புள்ளி. 4–0 என வென்றாலும் 2½–1½ என வென்றாலும் பெறுவது 2 புள்ளிகளே. இதனால் ஒவ்வொரு வீரரின் முடிவும் மற்றவர் பலகையைப் பொறுத்ததாகிறது. தம் ஆட்டத்தில் வெற்றிக்கு முயலும் நிலையிலிருக்கும் இளைஞர், அணிக்கு அரைப்புள்ளி போதும் என்னும் நிலையில் சமனுக்கு இசைய வேண்டும். சமன் செய்யத்தக்க ஆட்டத்தை, தோழர் ஒருவர் தோற்றுக்கொண்டிருப்பதால், துணிந்து நீட்டிக்கவும் வேண்டும். சமனுக்கு உடன்படலாமா என வீரர் கேட்டால் அணித்தலைவர் கருத்துச் சொல்லலாம். பலகையின் நிலை குறித்து ஒரு சொல்லும் சொல்லலாகாது. முடிவெடுக்கும் பொறுப்பு இறுதியில் அச்சிறுவனுடையதே.

தனிநபர்ப் போட்டியில் தோற்ற சிறுவன் தனக்கு மட்டுமே பதில் சொல்கிறான். அணிப்போட்டியில் தோற்றவன் அன்றிரவு உணவு மேசையில் மூன்று தோழர்களின் எதிரே அமர்கிறான். அவர்கள் காட்டும் முகமே அவனுக்கு அடுத்த நாள் ஆட்டத்தின் முதல் பாடம். தனித்து அமர்ந்து பல மணிநேரம் உழைக்கக் கோரும் இவ்விளையாட்டில், வளரும் பருவத்துப் பிள்ளைகள் பிறரோடு இணைந்து வாழக் கற்கும் வாய்ப்பு அணியினாலேயே கிட்டுகிறது.

மன்றத்திலிருந்து பள்ளிக்கும் பயிற்சியகத்திற்கும்

1990களுக்குப் பின் இளையோர் பயிற்சியின் மையம் மெல்ல இடம் மாறியது. ஆனந்தின் வெற்றிகளால் பெற்றோரிடையே ஆர்வம் பெருகியது. கணினியும் இணையமும் நூலுக்கும் மன்றத்திற்கும் மாற்றாக வந்தன. சென்னையைச் சேர்ந்த சு. விஜயலட்சுமி 2001இல் இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 1999இல் 18 வயதுக்குட்பட்ட சிறுமியருக்கான உலகப் பட்டத்தை ஆர்த்தி ராமசாமி வென்றார். ஆர்த்தியும் அவர் கணவர் கிராண்ட்மாஸ்டர் ஆர். பி. ரமேஷும் 2008இல் ‘செஸ் குருகுலம்’ என்னும் பயிற்சியகத்தைச் சென்னையில் தொடங்கினர். வைஷாலி, பிரக்ஞானந்தா ஆகிய உடன்பிறப்புகள் உள்ளிட்ட பலர் அங்குப் பயின்றனர்.

அரசும் இத்துறையில் ஈடுபட்டது. 7 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்க்குப் பள்ளிகளில் சதுரங்கம் கற்பிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டு வந்தது. 2013 நவம்பரில் ஆனந்தும் நார்வே நாட்டு மாக்னஸ் கார்ல்சனும் மோதிய உலகச் சாம்பியன் போட்டி சென்னையில் நடைபெற்றது. ஆனந்த் 3½–6½ எனத் தோற்றுப் பட்டத்தை இழந்தார். அதே 2013இல்தான் குகேஷ் ஏழு வயதில், வாரம் மூன்று நாள், நாளுக்கு ஒரு மணிநேரம் என்னும் அளவில் தம் பள்ளியில் சதுரங்கம் கற்கத் தொடங்கினார். ஒரு தலைமுறையின் தோல்வியும் அடுத்த தலைமுறையின் தொடக்கமும் ஒரே நகரில் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன.

பள்ளிகளே அணிகளாக இயங்கும் நிலையும் உருவாயிற்று. 2023இல் கஜகஸ்தானின் அக்தௌ நகரில் நடந்த பள்ளி அணிகளுக்கான உலகப் போட்டியில் சென்னைப் பள்ளி அணி முதலிடம் பெற்றது. முன்பு மன்றம் ஆற்றிய பணியின் ஒரு பகுதியைப் பள்ளி அணி ஏற்றுக்கொண்டது எனலாம்.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் பல. பயிற்சி முறைப்படுத்தப்பட்டது; சிறுமியர் பங்கேற்பு பெருகியது; திறமை இளவயதிலேயே கண்டறியப்பட்டது. இழப்பும் உண்டு. பயிற்சியகத்தில் கட்டணம் செலுத்துவோர்க்கே இடம். பள்ளி அணியில் அப்பள்ளி மாணவர்க்கே இடம். பள்ளிச் சிறுவனும் ஓய்வு பெற்ற எழுத்தரும் எதிரெதிரே அமரும் பொது அறை சுருங்கியது. வரிசையில் நின்று, பார்த்து, தோற்று, கற்ற அந்தக் கட்டணமில்லாப் பாடத்திற்கு ஈடான ஒன்றைப் புதிய அமைப்புகள் முழுமையாக உருவாக்கிவிட்டன எனச் சொல்வதற்கில்லை.

மாமல்லபுரம், 2022

2022இல் ரஷ்யாவில் நடைபெறவிருந்த 44ஆவது ஒலிம்பியாட், உக்ரைன் போரின் காரணமாக அங்கிருந்து மாற்றப்பட்டுச் சென்னைக்கு அருகிலுள்ள மாமல்லபுரத்திற்கு வந்தது. சென்னையில் ஒரு சோவியத் நிறுவனத்தின் அறையில் தொடங்கிய மரபு, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் ரஷ்யா நடத்த இயலாத உலகப் போட்டியைத் தன் கரையில் நடத்தியது. ஏற்பாடுகளுக்குக் கிடைத்த காலம் ஏறத்தாழ நான்கு மாதங்களே.

ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை நடந்த அப்போட்டி ஒரு மக்கள் விழாவாகவும் அமைந்தது. வேட்டி சட்டை அணிந்த குதிரை வடிவச் சின்னத்திற்குத் ‘தம்பி’ எனப் பெயரிடப்பட்டது. சென்னை நேப்பியர் பாலம் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களால் வண்ணம் பூசப்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பல நிலைகளில் போட்டிகள் நடத்தப்பட்டன.

போட்டியை நடத்தும் நாடு என்னும் முறையில் இந்தியா கூடுதல் அணிகளைக் களமிறக்க முடிந்தது. பொதுப்பிரிவின் இரண்டாம் அணியில் குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரௌனக் சத்வானி ஆகியோர் இடம்பெற்றனர். அணியின் பொறுப்பு ஆர். பி. ரமேஷிடம் இருந்தது. முதல் பலகையில் ஆடிய 16 வயதுக் குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் வென்றார். எட்டாம் சுற்றில் அவ்விளைஞர் அணி வலிமை மிக்க அமெரிக்காவை 3–1 என வீழ்த்தியது.

பத்தாம் சுற்றில், மற்றோர் இளைஞர் அணியான உஸ்பெகிஸ்தானை அவ்வணி எதிர்கொண்டது. மேலோங்கிய நிலையில் இருந்த தம் ஆட்டத்தை அப்துசத்தோரோவிடம் குகேஷ் தவறவிட்டுத் தோற்றார். பிரக்ஞானந்தா தம் ஆட்டத்தை வென்றதால் அணி 2–2 எனச் சமன் பெற்றது. இறுதிச் சுற்றில் ஜெர்மனியை வென்று வெண்கலம் பெற்றது. உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. மகளிர் பிரிவில், வைஷாலி இடம்பெற்ற இந்திய முதல் அணியும் வெண்கலம் பெற்றது.

குகேஷ் 11 ஆட்டங்களில் 9 புள்ளி பெற்று முதல் பலகைக்கான தனிநபர் தங்கத்தை வென்றிருந்தார். எனினும் பலர் நினைவில் நின்றது பத்தாம் சுற்றின் அத்தோல்வியே. அணியின் வரலாற்றில் அத்தோல்விக்கு வேறொரு பொருள் உண்டு. ஒருவர் இழந்ததை மற்றொருவர் அதே மண்டபத்தில், அதே மாலையில், ஈடு செய்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2024 செப்டம்பரில் புடாபெஸ்டில் நடந்த 45ஆவது ஒலிம்பியாடில் இந்திய அணி பொதுப்பிரிவில் 22 சுற்றுப் புள்ளிகளில் 21 பெற்றுத் தங்கம் வென்றது. குகேஷும் பிரக்ஞானந்தாவும் அவ்வணியில் மீண்டும் தோழர்களாயினர். அணிக்குத் தலைமை தாங்கிய ஸ்ரீநாத் நாராயணனும் சென்னையின் இளையோர் போட்டிகளில் வளர்ந்தவரே. வைஷாலி இடம்பெற்ற மகளிர் அணியும் தங்கம் வென்றது.

அயலகத் தமிழரும் அணியும்

அதே புடாபெஸ்ட் மண்டபத்தில் இங்கிலாந்து மகளிர் அணியின் சார்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருவர் ஆடினார். தமிழகத்திலிருந்து லண்டனில் குடியேறிய பெற்றோருக்கு 2015இல் பிறந்த போதனா சிவானந்தனே அவர். கொரோனா ஊரடங்குக் காலத்தில், தாயகம் திரும்பிய குடும்ப நண்பர் ஒருவர் விட்டுச் சென்ற பொருள்களிடையே கிடைத்த சதுரங்கப் பலகையே அவரது தொடக்கம். பொம்மையாக வைத்துக்கொள்ள விரும்பிய குதிரைக் காயிலிருந்து அவரது ஆர்வம் பிறந்ததாகப் பேட்டிகளில் கூறப்பட்டுள்ளது. ஒரு குடும்பம் திரும்பிச் செல்ல, மற்றொரு குடும்பத்துப் பிள்ளை அதன் பலகையில் ஆடத் தொடங்கினாள். குடிபெயர்வு வாழ்வில் பொருள்கள் கைமாறும் இயல்பான நிகழ்வு இவ்வாறு ஒரு நாட்டின் அணிவரை சென்றது.

ஆரோன், ஆனந்த், போதனா ஆகிய மூவரின் வாழ்விலும் இடப்பெயர்வு ஒரு கூறாக உள்ளது. மூவரும் தனித்தனியே புகழ்பெற்றோர். மூவரும் அணியில் இடம்பெற்றவர். அயலகத்தில் வார இறுதித் தமிழ்ப்பள்ளிகளும் சங்கங்களும் மொழி, இசை, நடனம் ஆகியவற்றோடு இளையோர்க்கான பொதுத்தளங்களைத் தேடுகின்றன. பேச வேண்டிய மொழியில் தயக்கமுள்ள பிள்ளையும் தயங்காமல் அமரத்தக்க இடம் சதுரங்க மேசை. பாட்டனும் பெயர்த்தியும் சமமாக ஆடத்தக்க விளையாட்டுகளும் மிகச் சிலவே.

முடிவுரை

இக்கட்டுரையில் கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, சென்னையின் சதுரங்கப் பெருமைக்குத் தனிமேதைகளின் உழைப்போடு, வயது வேறுபாடின்றிக் கூடி ஆட இடமளித்த மன்றமும் காரணமாகும். இரண்டாவது, அணிப்போட்டி இளையோர்க்குத் தோல்வியைப் பகிரவும் வெற்றியைப் பங்கிடவும் கற்பித்தது; 1983இன் கோல்ட்ஸ் அணி முதல் 2024இன் புடாபெஸ்ட் அணி வரை இக்கல்வி தொடர்ந்துள்ளது. மூன்றாவது, இம்மரபு பல மொழியினரும் பல நாட்டுத் தொடர்புகளும் சேர்ந்து உருவாக்கியது.

இன்று பட்டங்கள் பெருகியுள்ளன. பொது அறைகள் குறைந்துள்ளன. கட்டணம் செலுத்த இயலாத வீட்டுப் பிள்ளை, தன்னைக் காட்டிலும் வலியவரைச் சந்திக்கும் வாய்ப்பு எங்கே கிடைக்கும் என்பதே அடுத்த தலைமுறையின் வரலாற்றை முடிவு செய்யும் வினா. நூலகங்களும் சமூகக் கூடங்களும் பள்ளிகளும் வாரம் ஒரு மாலை தம் கதவுகளைத் திறந்து வைத்தால் அவ்வாய்ப்பு மீண்டும் உருவாகும். பத்துப் பலகைகளும் சில கடிகாரங்களுமே அதற்கான முதலீடு.

ஆய்வு நூலகங்களுக்கும் இதில் பங்குண்டு. மன்றங்களின் வருகைப் பதிவேடுகள், கையால் எழுதப்பட்ட ஆட்டக் குறிப்புத் தாள்கள், அணிப்போட்டி மலர்கள், பழைய வீரர்களின் நினைவுரைகள் ஆகியன தமிழர் சமூக வரலாற்றின் ஆவணங்களாகும். சாம்பியன்களின் ஆட்டங்கள் உலகெங்கும் பதிவாகியுள்ளன. அவர்களோடு எதிரே அமர்ந்து தோற்றும், வரிசையில் மீண்டும் நின்றும் அவர்களை வளர்த்தோரின் ஆட்டங்கள் இந்தத் தாள்களில் மட்டுமே உள்ளன. அவற்றைத் திரட்டிக் காப்பது, மன்றம் என்னும் பொது முயற்சியின் வரலாற்றைக் காப்பதாகும்.